கேமராவில் சிக்கிய கால்பந்து மேனேஜர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ‘மேனேஜர்’ என்றால் யார்? பயிற்சியாளரா, நிர்வாகியா?

இரண்டும். மற்ற நாடுகளில் பயிற்சியாளர் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வார். ஆட்டக்காரரை வாங்குவதும் விற்பதும் வேறொருவர் பொறுப்பு. இங்கிலாந்தில் வெகுகாலம் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருந்தன. யாரை வாங்குவது, எவ்வளவு வரை போகலாம், யாரைக் கழற்றிவிடுவது என்று எல்லாவற்றிலும் மேனேஜர் சொல்தான் முடிவு. செலவாவது கிளப்பின் பணம். வாங்கும் சரக்குக்கோ எம்.ஆர்.பி. கிடையாது. 10 லட்சம் பவுண்டு பெறும் ஆட்டக்காரரை 15 லட்சத்துக்கு வாங்கினால் அது ஏமாளித்தனமா, கள்ளத்தனமா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இனி வரும் எல்லா ஊழலும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

இப்போது பெரிய கிளப்புகளில் ‘ஸ்போர்ட்டிங் டைரக்டர்’ என்று தனியாக ஒருவர் இருக்கிறார். ஆசை காட்டப்படும் ஆளின் பதவிப்பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘பங்’ என்கிறார்களே, அது என்ன?

நம் ஊர் ஒப்பந்ததாரர் பேச்சில் ‘கட்டிங்’ என்பார்கள். ஆட்டக்காரரை வாங்கும்போது கிளப் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு, பேரம் பேசும் இடைத்தரகரான ஏஜென்ட் வழியாகச் சுற்றி, வாங்கிய மேனேஜரின் கைக்கே திரும்பி வருவது.

அந்தச் சொல் ஊரறியப் பரவியது 1993-இல். டாட்டன்ஹாம் உரிமையாளர் ஆலன் ஷுகருக்கும் அதே கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த டெரி வெனபிள்ஸுக்கும் நடந்த வழக்கில், ஆட்டக்காரர் டெடி ஷெரிங்கம் விற்பனையை ஒட்டி பங் பற்றிய பேச்சு நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்தில் ஏறியது. இங்கிலாந்தின் உச்சப் பிரிவுப் போட்டியை நடத்தும் பிரீமியர் லீக் விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் குழு முடிக்க 1997 ஆகிவிட்டது.

பணம் உண்மையில் எப்படிச் சுற்றி வருகிறது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ஆர்சனல் மேனேஜர் ஜார்ஜ் கிரஹாமின் கதையைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1992-இல் டென்மார்க்கின் பிராண்ட்பி கிளப்பிலிருந்து ஜான் யென்சனை ஆர்சனல் வாங்கியது. ஆர்சனல் கொடுத்தது சுமார் 15.7 லட்சம் பவுண்டு. பிராண்ட்பிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 9 லட்சம். இடையில் நின்றவர் நார்வே ஏஜென்ட் ரூனே ஹாகே. அவரிடமிருந்து கிரஹாமுக்கு வந்தது, யென்சன், போல் லைடர்சன் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் கணக்கிலும் சேர்த்து, சுமார் 4.25 லட்சம் பவுண்டு. தான் கேட்காமலே வந்த அன்பளிப்பு என்றார் கிரஹாம். வட்டியோடு ஆர்சனலிடம் திருப்பியும் கொடுத்தார். 1995 பிப்ரவரியில் வேலை போயிற்று. அதே ஆண்டில் எஃப்.ஏ. எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது.

இதில் ரகசியக் கேமராவுக்கு வேலையே இருக்கவில்லை. வாங்கியவர் கணக்கும் விற்றவர் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அந்த இடைவெளிதான் ஆதாரம். கேமரா வழக்குகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் பதிவாவது பேச்சு. பணம் போன தடம் வங்கிக் கணக்கில்தான் இருக்கும்.

அப்படியானால் ரகசியக் கேமரா எதற்கு?

கணக்குப் புத்தகம் வெளியாருக்குக் கிடைக்காது என்பதால். விற்கும் கிளப், ஏஜென்ட், வாங்கும் மேனேஜர் ஆகிய மூவருக்கும் லாபம் என்றால் புகார் கொடுக்க ஆளே இல்லை. பாதிக்கப்படுவது வாங்கும் கிளப்பின் கஜானா. அதற்கு வாய் கிடையாது. உள்ளே இருப்பவர் யாராவது பேசினால் உண்டு. 2006 ஜனவரியில் லூட்டன் டவுன் மேனேஜர் மைக் நியூவெல் தனக்கே இப்படி ஆசை காட்டினார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்பவர்கள் அபூர்வம்.

2006 பிபிசி பனோரமா நிகழ்ச்சியில் என்ன வந்தது?

செப்டம்பர் 19 அன்று ஒளிபரப்பானது. ஏஜென்டாக வேடமிட்ட ஒருவர் பல மாதம் அந்த வட்டாரத்தில் புழங்கி எடுத்த காட்சிகள். அப்போது போல்டன் மேனேஜராக இருந்த சாம் அலர்டைஸ், தம் மகன் வழியாகப் பணம் பெற்றார் என்று இரண்டு ஏஜென்ட்கள் கேமரா முன் சொன்னார்கள். அலர்டைஸ் முழுமையாக மறுத்தார். பேசிய ஏஜென்ட்களும் பின்வாங்கினார்கள்: புதிய வாடிக்கையாளரை மயக்கத்தான் அப்படி அளந்தோம் என்றார்கள்.

இந்த வகைப் புலனாய்வின் பெரிய ஓட்டை இது. ஏஜென்டின் தொழிலே ‘எனக்கு எல்லாரையும் தெரியும்’ என்று காட்டிக்கொள்வது. பணக்கார முதலீட்டாளர் போல ஒருவர் வந்து உட்கார்ந்தால் இல்லாத செல்வாக்கையும் சேர்த்தே விற்பார். ‘அந்த மேனேஜர் என் பாக்கெட்டில்’ என்று மூன்றாம் ஆள் சொன்னது மேனேஜர் மீதான ஆதாரம் ஆகாது. சொன்னவரைப் பற்றிய ஆதாரம் மட்டுமே.

ஸ்டீவன்ஸ் விசாரணை என்ன கண்டுபிடித்தது?

லண்டன் பெருநகரக் காவல்துறையின் முன்னாள் தலைவர் லார்டு ஸ்டீவன்ஸின் குவெஸ்ட் நிறுவனம், பிரீமியர் லீக் கேட்டுக்கொண்டபடி, 2004 ஜனவரி முதல் 2006 ஜனவரி வரை நடந்த 362 ஆட்டக்காரர் மாற்றங்களை ஆராய்ந்தது. 2007 ஜூனில் வந்த இறுதி அறிக்கையில் 17 மாற்றங்களுக்கு ஒப்புதல் தர முடியவில்லை என்று இருந்தது. ஏஜென்ட்கள் சிலர் ஒத்துழைக்காததே முக்கியக் காரணம். கிளப் அதிகாரிகளுக்கு முறைகேடாகப் பணம் போனதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. போல்டன் விவகாரத்தில் அலர்டைஸ், ஏஜென்டாக இருந்த மகன், கிளப் மூவருக்கும் இடையே நலன் முரண்பாடு இருந்ததாக அறிக்கை கவலை தெரிவித்தது.

தனியார் விசாரணைக்கு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் இல்லை. சம்மன் அனுப்ப முடியாது. ‘வர மாட்டேன்’ என்று ஏஜென்ட் சொன்னால் அறிக்கையில் ஒரு வரி எழுதலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

2016-இல் அலர்டைஸ் இங்கிலாந்து அணிப் பொறுப்பை இழந்தாரே, அது லஞ்சத்துக்காகவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் அதிகம் குழப்பிக்கொள்ளப்படும் விஷயம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2016 ஜூலை 22-இல் நியமனம். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பவுண்டு சம்பளம். செப்டம்பர் 4-இல் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம். கூடுதல் நேரத்தில் ஆடம் லல்லானா அடித்த கோலில் 1-0 வெற்றி. செப்டம்பர் 27-இல் பதவி போயிற்று. மொத்தம் 67 நாள்.

இடையில் நடந்தது: ‘டெய்லி டெலிகிராஃப்’ நிருபர்கள், ஆட்டக்காரர் வர்த்தகத்தில் லாபம் பார்க்க விரும்பும் தூரக் கிழக்கு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதிகள் போல அவரைச் சந்தித்தார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாக இரண்டு சந்திப்புகள். பேச்சில் மூன்று விஷயங்கள் பதிவாயின.

ஒன்று, சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்களுக்கு வந்து முதலீட்டாளர்கள் முன் பேச 4 லட்சம் பவுண்டு பற்றிய பேரம். எஃப்.ஏ.விடம் கேட்டுத்தான் செய்ய முடியும் என்று அவரே சொன்னதும் பதிவில் உண்டு. இரண்டு, ஆட்டக்காரர்மீது வெளியார் உரிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற தடையைத் தாண்டிப்போக வழி இருக்கிறது என்று சொன்னது. மூன்று, தமக்கு முன் பதவியில் இருந்த ராய் ஹாட்ஜ்சனின் உச்சரிப்பைக் கேலி செய்தது.

மூன்றாவது அநாகரிகம். முதலாவது பேராசை. பதவியைக் காவு வாங்கியது இரண்டாவது. அந்தத் தடையைப் போட்டதே அவருக்குச் சம்பளம் கொடுத்த சங்கம்தான்! காவல்துறை அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் பதியவில்லை.

அந்த ‘வெளியார் உரிமை’ தடை என்ன? ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒரு முதலீட்டாளர் இளம் ஆட்டக்காரரின் எதிர்கால விற்பனைத் தொகையில், உதாரணத்துக்கு, 30 விழுக்காட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார். ஆட்டக்காரர் கிளப் மாறினால்தான் அவருக்குக் காசு. ஆகவே நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரையும் கிளப்பி வேறிடம் அனுப்பப் பார்ப்பார். போதாததற்கு, ஒரே முதலீட்டாளருக்கு இரு எதிரணிகளிலும் ஆட்டக்காரர்கள் இருந்தால் ஆட்டத்தின் நேர்மையே கேள்விக்குள்ளாகும்.

2006-இல் கார்லோஸ் டெவெஸையும் ஹவியர் மாஸ்கரானோவையும் வெஸ்ட் ஹாம் இப்படிப்பட்ட ஏற்பாட்டோடு சேர்த்துக்கொண்டது. விவரத்தை லீக்கிடம் மறைத்ததற்காக 2007 ஏப்ரலில் 55 லட்சம் பவுண்டு அபராதம். புள்ளிகள் குறைக்கப்படவில்லை. கடைசி நாளில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் டெவெஸ் அடித்த கோலில் வெஸ்ட் ஹாம் தப்பியது. ஷெஃபீல்டு யுனைடெட் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. பிறகு இங்கிலாந்து தடை போட்டது. 2015 மே 1 முதல் ஃபிஃபா உலகம் முழுக்கத் தடை செய்தது.

அலர்டைஸ் சுட்டிய சந்து எளிது. ஆட்டக்காரரின் பங்கை வாங்காதீர்கள். ஏஜென்டோடு ஒப்பந்தம் போட்டு, அவருக்கு வரும் கட்டணத்தில் பங்கு வாங்குங்கள். காகிதத்தில் விதி மீறப்படவில்லை. ஆனால் ஆட்டக்காரர் மாறினால்தான் லாபம் என்ற அதே அரிப்பு அப்படியே இருக்கிறது.

அதே டெலிகிராஃப் புலனாய்வில் தண்டனை பெற்றவர் யாராவது உண்டா?

உண்டு. பார்ன்ஸ்லி துணைப் பயிற்சியாளர் டாமி ரைட். தொகை 5,000 பவுண்டு. கிளப் ஆட்டக்காரர்களை குறிப்பிட்ட ஏஜென்ட்கள் பக்கம் தள்ளிவிடுவதற்கும், அவர்களைப் பற்றிய உள்விவரங்கள் தருவதற்கும் வாங்கிய பணம். செய்தி வந்த அதே வாரம் வேலை போயிற்று. 2019 டிசம்பரில் லண்டன் சதர்க் நீதிமன்றம் குற்றவாளி என்றது. நிறுத்திவைக்கப்பட்ட 12 மாதச் சிறைத்தண்டனை. பணம் கொடுக்க ஏற்பாடு செய்த இரண்டு ஏஜென்ட்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

4 லட்சம் பற்றிப் பேசியவருக்கு வழக்கு இல்லை, 5,000 வாங்கியவருக்குத் தண்டனை என்றால் அநியாயமாகத் தோன்றலாம். சட்டத்தின் கணக்கு வேறு. பிரிட்டனின் 2010 லஞ்சத் தடைச் சட்டத்தில் தொகை எவ்வளவு என்பது முதல் கேள்வி அல்ல. தன் பொறுப்பை முறைகேடாகப் பயன்படுத்துவதற்காகப் பலன் கேட்டாரா, ஒப்புக்கொண்டாரா, பெற்றாரா என்பதே கேள்வி. மேடையில் பேசக் கூலி கேட்பது மட்டுமே அதில் வந்துவிடாது. கிளப்பின் ரகசியத்தை உறைக்குள் வைத்த காசுக்கு விற்பது வரும். அதிகபட்ச தண்டனை 10 ஆண்டு.

சொற்பொழிவுக் கட்டணம் என்று கேட்டால் அது லஞ்சம் இல்லையா?

சாம்பல் நிறப் பகுதி. அதே புலனாய்வில் அப்போதைய கியூ.பி.ஆர். (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) மேனேஜர் ஜிம்மி ஃபிளாய்டு ஹாசல்பைங்கும் சிங்கப்பூர் பயணத்துக்கு 55,000 பவுண்டு பேசியதாக வந்தது. தவறு எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்தார்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பணம் கொடுப்பவருக்கு அந்தப் பேச்சைத் தவிர வேறென்ன வேண்டும்? அவர் விற்க நினைக்கும் ஆட்டக்காரரை வாங்கும் அதிகாரம் பேச்சாளரிடம் இருந்தால், எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும் ஒப்புக்கொள்வதற்கு முன் கிளப்பிடம் எழுத்தில் தெரிவிப்பதுதான் முறை. பேசி முடித்துவிட்டு ‘பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்று இருப்பதுதான் பலரைக் கவிழ்த்தது.

இப்படி வேடமிட்டுப் போவது சட்டப்படி சரியா? பொறி வைத்துப் பிடிப்பதுதானே?

அலர்டைஸும் அதைத்தான் சொன்னார்: பொறி வென்றுவிட்டது என்று. தொழில்முறை விதி இப்படி இருக்கிறது. பிரிட்டன் பத்திரிகைகளின் நெறிமுறையில் 10-ஆவது பிரிவு, மறைகேமராவையும் வேடத்தையும் பொது நலன் இருந்தால் மட்டும், வேறு வழியில் அந்தத் தகவல் கிடைக்காது என்றால் மட்டும் அனுமதிக்கிறது. தொலைக்காட்சிக்குக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமின் விதி இன்னும் கறார்: தவறு நடப்பதாக முதல் பார்வைக்கே காட்டும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ‘வலையை வீசிப் பார்ப்போம், எது சிக்குகிறதோ’ என்று கிளம்பக் கூடாது.

குற்றவியல் வழக்கில் பொறி என்பது பிரிட்டனில் தற்காப்பு வாதம் ஆகாது. ஆனால் குற்றம் செய்ய எண்ணமே இல்லாதவரை அரசின் ஆள் தூண்டிச் செய்ய வைத்தால் வழக்கையே நீதிமன்றம் நிறுத்தலாம். 2001-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை லூஸ்லி வழக்கில் வகுத்த கோடு இது: வழக்கமான வாய்ப்பைக் கொடுப்பது சரி, ஆசையை ஊட்டி ஊட்டி விழவைப்பது தவறு. நிருபர் அரசின் ஆள் அல்ல என்பதால் அந்தக் கோடு அவருக்குக் கொஞ்சம் தளர்வு. அந்தத் தளர்வைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு.

யார்?

‘போலி ஷேக்’ மஸ்ஹர் மஹ்மூத். 2006 ஜனவரியில் ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்டு’ பத்திரிகைக்காக அரபுச் செல்வந்தர் வேடத்தில் துபாயில் அப்போதைய இங்கிலாந்து அணி மேனேஜர் ஸ்வென்-யோரன் எரிக்சனை மடக்கினார். உலகக் கோப்பைக்குப் பிறகு ஆஸ்டன் வில்லாவுக்கு வரத் தயார் என்ற அளவில் எரிக்சன் பேசினார். லஞ்சம் எதுவும் இல்லை, வாய்த்துடுக்கு மட்டும். அந்த மாதத்திலேயே, உலகக் கோப்பையோடு அவர் விலகுவார் என்று எஃப்.ஏ. அறிவித்தது. இதில் பொது நலன் எங்கே இருந்தது என்று கேட்டால் நேர்மையான பதில் கிடைப்பது கஷ்டம். மஹ்மூத் பிறகு வேறொரு பிரபலத்தை மடக்கிய வழக்கில் சாட்சியத்தைத் திரித்ததற்காக 2016 அக்டோபரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அலர்டைஸ் பதவியிழந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நன்றாகச் செய்யப்பட்ட ரகசியப் புலனாய்வு எப்படி இருக்கும்?

கேமரா வாங்குவது கடைசி வேலை. முதலில் குறைந்தது ஒரு நம்பகமான ஆள் சொன்ன தகவல், முடிந்தால் ஒரு காகிதம். பிறகு ஏன் வேடம் தேவை, வேறு என்ன வழிகள் முயன்று பார்த்தோம் என்று தேதியிட்டு எழுதி, ஆசிரியரும் வழக்கறிஞரும் கையெழுத்திட வேண்டும். செய்தி வந்த பின் எழுதிய காரணத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அடுத்து போலி நிறுவனம்: இணையதளம், முகவரி, விசிட்டிங் கார்டு, எடுத்துப் பேச ஆளுள்ள தொலைபேசி எண். சந்திப்புக்கு இரண்டு பதிவுக் கருவிகள். ஒன்று கட்டாயம் நின்றுபோகும், அல்லது தட்டு சத்தத்தில் பேச்சு கேட்காது. உணவகத்தைவிட ஓட்டல் அறை நல்லது. மது வேண்டாம், எதிராளியின் வழக்கறிஞர் முதலில் எண்ணுவது கோப்பைகளைத்தான்.

பேச்சில் ஒரு கட்டுப்பாடு முக்கியம். தொகையை நிருபர் முதலில் சொல்லக் கூடாது. ‘உங்களுக்கு எப்படி வசதி?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளி விலகினால் விலகவிட வேண்டும். மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய ‘சரி’ செல்லாக் காசு. ‘சங்கத்தில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்’ போன்ற அவருக்குச் சாதகமான வரிகளையும் வெட்டாமல் வெளியிட வேண்டும். வெட்டாத மூலப்பதிவைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். நீதிமன்றம் கேட்பது அதைத்தான். வெளியிடும் முன் குற்றச்சாட்டை வரிவரியாக எழுதி அனுப்பிப் பதில் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. பாதிப் பிழைகள் அந்தக் கட்டத்தில்தான் பிடிபடும்.

இங்கிலாந்துக்கு வெளியே?

கானா. அனஸ் அரெமெயாவ் அனஸ் என்ற நிருபர் முகத்தை மணித்திரையால் மறைத்தே பொதுவெளிக்கு வருவார். 2018 ஜூனில் அவர் குழுவின் ‘நம்பர் 12’ ஆவணப்படம் தலைநகர் அக்ராவில் திரையிடப்பட்டது. நடுவர்கள் வரிசையாகப் பணம் வாங்கும் காட்சிகள். கூடவே கானா கால்பந்துச் சங்கத் தலைவர் க்வெசி ந்யாந்தாக்யி 65,000 டாலரை எடுத்துக்கொள்ளும் காட்சி. ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது; விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றம் அதை 15 ஆண்டாகக் குறைத்தது. ரஷ்ய உலகக் கோப்பைக்குத் தேர்வாகியிருந்த கென்ய துணை நடுவர் ஒருவர் 600 டாலருக்காக அந்த வாய்ப்பை இழந்தார்.

விலை கொடுத்தவர் இன்னொருவர். குழுவைச் சேர்ந்த அகமது ஹுசைன்-சுவாலேயின் படத்தை ஓர் அரசியல்வாதி தொலைக்காட்சியில் காட்டினார். 2019 ஜனவரியில் அக்ராவில் சுவாலே சுட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் அவதூறு வழக்குக்குப் பயந்தால் போதும். எல்லா ஊரும் லண்டன் இல்லை.

இதுவும் ஆட்டச் சூதாட்டமும் ஒன்றா?

வேறு. பங் என்பது வாங்கல்-விற்றலில். ஆட்ட முடிவை யாரும் தொடுவதில்லை. சூதாட்டத்தில் முடிவே விலைக்கு வரும். சிங்கப்பூர்த் தமிழரான வில்சன் ராஜ் பெருமாள் 2011-இல் பின்லாந்தில் சிக்கியது இந்த இரண்டாம் வகையில்.

இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

காகிதத்தில் நிறைய. 2010 அக்டோபர் முதல், நாடு விட்டு நாடு மாறும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விற்கும் கிளப்பும் வாங்கும் கிளப்பும் ஃபிஃபாவின் கணினி அமைப்பில் விவரங்களைத் தனித்தனியே பதிய வேண்டும். பொருந்தாவிட்டால் மாற்றம் நடக்காது. யென்சன் விவகாரத்தில் 15.7-க்கும் 9-க்கும் நடுவில் இருந்த பள்ளம் இப்போது திரையிலேயே தெரிந்துவிடும்.

ஏஜென்ட் பக்கம் கதை நேர் தலைகீழ். 2015 ஏப்ரலில் ஃபிஃபா உரிமத் தேர்வையே எடுத்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் யாரும் இடைத்தரகர். டெலிகிராஃப் நிருபர்கள் உலவியது அந்தக் காலத்தில்தான். 2023-இல் தேர்வு திரும்ப வந்தது, கட்டண உச்சவரம்போடு: ஆட்டக்காரருக்காகப் பேசினால் ஊதியத்தில் 3 முதல் 5 விழுக்காடு, விற்கும் கிளப்புக்காகப் பேசினால் விற்பனைத் தொகையில் 10. ஏஜென்ட்கள் நீதிமன்றம் போனார்கள். ஜெர்மன் நீதிமன்றத் தடைக்குப் பின் அந்த ஆண்டு டிசம்பரிலேயே உச்சவரம்பை ஃபிஃபா உலகம் முழுக்க நிறுத்திவைத்தது.

அலர்டைஸ் பிறகு என்ன ஆனார்?

2016 டிசம்பரில் கிரிஸ்டல் பேலஸ் அவரை மேனேஜராக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து அணியை விட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிறகு எவர்டன், வெஸ்ட் பிராம், 2023-இல் லீட்ஸ்.